இருப்பிடம்: பஸ்யூனியின் வாய்

சாப்பிட்ட பின் பல் துலக்குவதை எந்த அரசாங்கமும் இதுவரை தடை செய்ததில்லை. அனுமதித்ததும் இல்லை. தடைக்கும் அனுமதிக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்னப் பள்ளத்தை உலகத்தார் எல்லோரும் கால் படாமல் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, எகிப்தின் மன்ஸூரா நகரத்து வாய்க்கால் கரைத் துணை இயக்ககத்தின் பதிவறை எழுத்தர் உஸ்தாஸ் பஸ்யூனி மட்டும் நேராகப் போய் அதில் விழுந்தார்.

ஒருவருடைய வீடு வாய்க்கால் கரையில் இல்லை என்று சான்று கொடுப்பதே அந்த அலுவலகத்தின் வேலை. வாய்க்காலைக் கண்ணால் கண்டிராத தெருவில் ஐந்தாவது மாடியில் குடியிருப்பவரும், தண்ணீர்க் குழாய்க்கோ மின்சாரத்துக்கோ மனுப் போடுமுன் இந்தச் சான்றை வாங்கியாக வேண்டும். வாய்க்கால் கரையில் உண்மையாகவே வீடு உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பஸ்யூனிக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தேழு வருடப் பணி. அவருடைய பற்கள் அலுவலக ஜன்னல் முன்னால் நிற்கும் மக்களைப் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டும், முந்திக்கொண்டும், ஒன்றின் தோள்மேல் இன்னொன்று ஏறியும் நின்றன. அதனால் அவர் எந்தப் புகைப்படத்திலும் சிரித்ததில்லை. சொந்தக் கல்யாணப் படத்தில்கூட வாயை ஒட்டிய உறைபோல மூடிக்கொண்டுதான் நிற்கிறார். பெண்வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று மறுபடியும் ஒருமுறை விசாரித்தார்களாம்.

ஒரே மகள் ரபாபுக்கு நிச்சயமானபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. அப்பாவிடம்தான் கேட்டாள்.

“என் கல்யாணப் படத்துல நீங்க சிரிக்கணும்பா. பல்லு தெரிய.”

கல்யாணத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. பஸ்யூனி பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டார். இருபத்து நான்கு பற்களில் இருபத்து நான்கு உலோகச் சில்லுகள். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி.

பல் மருத்துவர் டாக்டர் நெவீன் முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் துலக்க வேண்டும். பிரஷைச் சாய்த்துப் பிடித்துக் கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. பாட்டில் கழுவும் பிரஷுக்குக் குட்டி பிறந்தது போல ஒன்று உண்டு. அதைக் கம்பிக்கு அடியில் விட்டு ஒவ்வொரு இடுக்காக எடுக்க வேண்டும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது தமிழர் கண்டது. அராக் மரக் குச்சி அரபியர் கண்டது. இரண்டு பேருமே கம்பியை எதிர்பார்க்கவில்லை.

பிரஷ் தேர்ந்தெடுப்பதையும் பஸ்யூனி ஒரு கோப்பு போலத்தான் நடத்தினார். மருந்துக் கடைக்காரன் பதினோரு வகைகளைப் பரப்பினான். ஒன்று துலக்கி முடித்ததும் விளக்கெரிந்து பாராட்டியது. ஒன்றின் முதுகில் நாக்கு வழிக்கும் ரப்பர் இருந்தது. ஒன்றின் தூரிகை கரியால் ஆனது. இப்போது அதுதான் நாகரிகம் என்றான் கடைக்காரன். முந்தைய தலைமுறை பல்லில் கரியைத் தேய்த்ததை ஏழ்மை என்றார்களே என்று பஸ்யூனி கேட்டார். அப்போது கரிக்குப் பிடி கிடையாது என்று கடைக்காரன் விளக்கினான். பதினோரு அட்டைகளின் பின்புறத்தையும் படித்து முடித்தபின், மென்மையான தூரிகையும் கம்பி உட்கார நடுவில் வாய்க்கால் போன்ற பள்ளமும் கொண்ட ஒரு எளிய பிரஷை அவர் எடுத்தார். வாய்க்கால் என்றால் அவருக்கு ஒரு நம்பிக்கை.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிக்கல் காலை பத்து மணியில் இருந்தது.

பத்து மணிக்கு அலுவலகத்தின் ஜன்னல் மூடும். மேசைமேல் செய்தித்தாள் விரியும். இரவெல்லாம் பானையில் குழைந்த ஃபூல் மொச்சை, எள் தூவிய தாமிய்யா வடை, வெங்காயத் தாள், ஊறுகாய், சூடான ரொட்டி எல்லாம் வந்து சேரும். இயக்குநர் முதல் காவலாளி வரை ஒருவரும் இதிலிருந்து விலகி நிற்பதில்லை. அந்த வடையின் எள் இருக்கிறதே, அது பஸ்யூனியின் கம்பிக்குள் நிரந்தர நியமனம் பெற்றது போலப் போய் உட்கார்ந்துகொள்ளும். துலக்கலாம் என்றால் வாஷ்பேசின் அறை பூட்டிக் கிடந்தது. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு அமைச்சர் வருகிறார் என்று அதைத் தேய்த்துக் கழுவிப் பூட்டினார்கள். அமைச்சர் வரவில்லை. திறக்கச் சொல்லி உத்தரவும் வரவில்லை. சாவி இயக்குநரிடம் இருந்தது.

ஒரு வருடம் இப்படியே போனது. வருட முடிவில் டாக்டர் நெவீன் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஈறு வீங்கியிருப்பதைக் காட்டினார்.

“இப்படி இருந்தா நான் கம்பியை முறுக்க மாட்டேன். முறுக்கலைன்னா பல்லு நகராது. ஈறு சுத்தமா இருந்தாத்தான் ஜூலைல கழட்டுவேன். உங்க பொண்ணு கல்யாணம் உங்க ஈறுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.”

வேறு யாராக இருந்தாலும் இயக்குநரின் மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். பஸ்யூனி எதையும் எழுதிக் கேட்பவர். எழுதினார்.

‘பொருள்: பல் துலக்குதல் – அனுமதி கோருதல். நாள்தோறும் காலை பத்து மணிக்கு இவ்வலுவலகத்தில் நடைபெறும் சிற்றுண்டிக்குப் பின், எனது பல் கம்பிகளில் தங்கும் உணவுத் துகள்களை அகற்றும் பொருட்டு, வாஷ்பேசின் அறையின் சாவியையும் பத்து நிமிட அவகாசத்தையும் அளித்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நகல்: மாகாண ஆய்வாளர், கனிவான தகவலுக்காக.’

அதைத் தம் கையாலேயே பதிவேட்டில் ஏற்றி எண் 418 கொடுத்தார். அரசின் கழுகு முத்திரை குத்தினார். நகலை அன்றைய தபாலில் சேர்த்தார்.

மறுநாள் இயக்குநர் ஃபிக்ரி பே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மீசையில் எள்ளுச் சாந்து ஒட்டியிருந்தது. கையில் மனு.

“இதுல சிற்றுண்டின்னு ஏதோ எழுதியிருக்கீங்களே. அது என்ன?”

“நாம பத்து மணிக்குச் சாப்பிடறது, பே.”

“யாரு சாப்பிடறது?”

பஸ்யூனி மேசையைப் பார்த்தார். அங்கே ஃபூல் தட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஃபிக்ரி பே அந்த மனுவை எடுத்துத் தட்டின் மேல் போட்டு மூடினார்.

“எட்டரையிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் இந்த ஆபீஸ்ல யாரும் எதுவும் சாப்பிடறதில்ல. விதி அப்படி. சாப்பிடாதவன் வாயில துகள் எங்கிருந்து வரும்?”

“பத்து மணிக்கு ஜன்னலை மூடறோமே, பே.”

“அது கம்ப்யூட்டர் கோளாறு.”

அந்தக் கோளாறு கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே தினமும் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தது.

மனுவைக் கிழித்துப் போடலாம் என்றால் எண் கொடுத்தாகிவிட்டது. எண் உள்ள காகிதம் எகிப்தில் சாவதில்லை. மேலே போகும் அல்லது கீழே வரும், அவ்வளவுதான். நகல் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டது. இந்த அலுவலகத்தில் தினமும் விருந்து நடக்கிறது என்று எழுத்தில், முத்திரையோடு, தாமே அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது ஃபிக்ரி பே கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். அரை மணி நேரம் யோசித்து, ஒரு விளக்கக் கடிதம் சொல்லச் சொல்ல பஸ்யூனியையே எழுதவைத்தார். மேற்படி மனுவில் ‘உணவுத் துகள்’ என்பது எழுத்துப் பிழை. ‘கோப்புத் தூசி’ என்று திருத்தி வாசிக்கவும். ‘சிற்றுண்டிக்குப் பின்’ என்பதை ‘கடமை ஆற்றிய பின்’ என்று திருத்தி வாசிக்கவும்.

“பொய்யாச்சே, பே.”

“கோப்புல தூசி இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“உங்களுக்கு வாய் இருக்கா, இல்லையா?”

பஸ்யூனி கையெழுத்திட்டார்.

பதில் வர ஏழு வாரமாயிற்று. முடிவாகாத ஒன்றைச் செய்வது ஒழுங்கீனம் என்பதால் அந்த ஏழு வாரமும் அவர் பத்து மணிக்குச் சாப்பிடாமல், மற்றவர்கள் சாப்பிடும் வாசனையில் கோப்பு தைத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர்கீப்பர் ஹாஜ் ஷிஹாத்தா, அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், ரொட்டியைக் கிள்ளியபடி கேட்டார்:

“இருபத்தேழு வருஷம் ஆச்சு. கேட்டாத்தான் இல்லேம்பாங்கன்னு இன்னுமா உனக்குத் தெரியல?”

ஆனால் மாகாணம் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் வினையாயிற்று. அரசுக் கோப்புகளின் தூசி ஊழியர் வாயில் படிவது கவலைக்குரியது என்று அது கருதியது. ஆகவே, எந்த ஊழியரின் வாயில் உலோகச் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதோ அவருக்கு நாள்தோறும் காலை பத்து முதல் பத்து நாற்பது வரை ‘பராமரிப்பு நேரம்’ வழங்கப்படுகிறது. அரசுத் தூசியை அரசு பிரஷ் கொண்டே அகற்ற வேண்டும். தனியார் பிரஷுக்கு அலுவலக வளாகத்தில் இடமில்லை.

பஸ்யூனி உத்தரவை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். ஷிஹாத்தா பட்டியலைப் புரட்டினார். தரைக்கு, கழிப்பறைக்கு, காலணிக்கு என்று மூன்று பிரஷ்கள் இருந்தன. நான்காவதாக ஒன்று, ‘நுண்ணிய உலோக உறுப்புகளைத் தூசி தட்ட’.

“இதேதான்,” என்றார் ஷிஹாத்தா. “தட்டச்சு மெஷின் பிரஷ். எழுத்துக்கு நடுவுல நல்லாப் போகும்.”

“ஹாஜ், எனக்கு வாயில இருக்கறது எழுத்து இல்ல.”

“உத்தரவுல பல்லுன்னே இல்லையேப்பா. உலோகச் சாதனம்னுதான் இருக்கு. நீ வேணும்னா கழிப்பறை பிரஷ் எடுத்துக்கோ, நான் தடுக்கல.”

குதிரை மயிரால் ஆன, ஒரு சாண் நீளமுள்ள அந்த பிரஷைப் பெற்றுக்கொண்டதாக பஸ்யூனி மூன்று இடத்தில் கையெழுத்திட்டார். அதை மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். நடுவில் பள்ளமுள்ள தம் சொந்த பிரஷை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளும், குட்டி பிரஷை ஒரு பேனா மூடிக்குள்ளும் வைத்து, ஒவ்வொரு நாளும் காவலாளியைத் தாண்டிக் கடத்திக்கொண்டு வந்தார். வாஷ்பேசின் அறை திறந்தது. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிறகு இடுக்கு இடுக்காக. ஈறு வடிந்தது. டாக்டர் நெவீன் கம்பியை முறுக்கினார். பற்கள் வரிசையில் வரத் தொடங்கின.

இந்த நிம்மதி மூன்று வாரம் நீடித்தது.

ஜன்னல் எழுத்தர் மதாம் அஃப்கார் அந்த உத்தரவை இரண்டாம் முறை படித்தாள். நாற்பது நிமிடம். சட்டப்படி. கம்ப்யூட்டர் கோளாறு என்று பொய் சொல்ல வேண்டாம். மறுநாள் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஒவ்வொரு வெள்ளிக் கம்பி, கம்பியில் கோத்த சில்லுகளில் ரோஜா நிற மணிகள். சந்தையில் ஒப்பனைச் சாமான் கடையில் விற்கிறார்களாம், மாட்டலாம், கழற்றலாம். கல்லூரிப் பெண்களெல்லாம் போட்டுக்கொள்கிறார்களாம். வாயில் கம்பி இருந்தால் பல் மருத்துவரிடம் போகிற குடும்பம் என்று தெரியுமாம்.

“பல்லு கோணலா இருந்தாத்தானே மதாம் கம்பி?” என்று பஸ்யூனி கேட்டார்.

“என் பல்லு நேராத்தான் இருக்கு உஸ்தாஸ். உத்தரவு அதைக் கேட்கலையே.”

பத்து நாளில் தட்டச்சர் போட்டுக்கொண்டார். பிறகு காவலாளி. ஷிஹாத்தாவுக்குப் பல்லே கிடையாது. பல்செட்டின் மேல் பச்சை மணி வைத்துக் கட்டிக்கொண்டார். கடைசியாக ஃபிக்ரி பே தங்க நிறத்தில் ஒன்று மாட்டிக்கொண்டு வந்து, பதவிக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டார். ஜன்னலில் ‘பராமரிப்பு நேரம்’ என்று பலகை தொங்கியது. வெளியே வரிசையில் நின்றவர்கள் அதை வாசித்துவிட்டு, அரசாங்கம் எதையோ கடைசியில் பழுதுபார்க்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

உள்ளே பழுது பார்க்கப்பட்டது ஃபூல். மேசைமேல் சாப்பிடுவது குற்றம். பராமரிப்பு அறைக்குள் என்ன நடக்கிறது என்று எந்த விதியும் கேட்கவில்லை. ஆகவே வாஷ்பேசின்மேல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் செய்தித்தாளை விரித்தார்கள். சாப்பிடுமுன் எல்லோரும் கம்பியைக் கழற்றிக் குழாய் அருகே வரிசையாக வைப்பார்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவது போல. கழற்ற முடியாத கம்பி உள்ள ஒரே ஊழியர் முற்றத்துக்குப் போய், இயக்குநரின் கார் கழுவும் குழாயில் குனிந்து பல் துலக்கினார்.

ஏப்ரலில் மாகாண ஆய்வாளர் உஸ்தாஸ் மம்தூஹ் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச். இருப்புப் பதிவேட்டில் தட்டச்சு பிரஷ் வரியில் அவர் விரல் நின்றது. பராமரிப்பதற்கு பிரஷ் இருக்கிறது. பராமரிக்கப்படும் சாமான் பதிவேட்டில் எங்கே?

“அது என்னோடதுங்க,” என்றார் பஸ்யூனி. “என் கம்பி. என் வாயில இருக்கு.”

“உங்களோடதுன்னா அதை ஏன் அரசு பிரஷால சுத்தம் பண்றீங்க? அரசு நேரத்துல? தனியார் சாமானை அரசு செலவுல பராமரிச்சா அதுக்குப் பேர் என்னன்னு தெரியுமில்ல.” மம்தூஹ் மிக மரியாதையாகவே பேசினார். “ஒண்ணு அந்தக் கம்பி அரசோடதா இருக்கணும். இல்ல, நீங்க திருடனா இருக்கணும். எது வசதி?”

ஜூலையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் எந்தத் தகப்பனும் சொல்லும் பதிலைத்தான் பஸ்யூனி சொன்னார். மம்தூஹ் டார்ச் அடித்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதிவேட்டில் ஏறியது: ‘உலோகச் சில்லு, சிறியது, 24. கம்பி, வளைந்தது, 2. நிலை: நன்று. இருப்பிடம்: உஸ்தாஸ் பஸ்யூனியின் வாய்.’ சாமான் எண்ணை எண்ணெய்ப் பெயின்டில் சாமான் மேலேயே எழுத வேண்டும் என்பது விதி. இடம் போதாததால் அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் குத்தினார்கள். மற்றவர்களின் கம்பிகளை மம்தூஹ் கேட்கவில்லை. அவர்கள் பெயரில் பிரஷ் இல்லை. பல் துலக்காதவர்கள்மேல் ஆட்சேபம் எழுப்ப எதுவுமில்லை.

ஜூன் கடைசியில் டாக்டர் நெவீன் கண்ணாடியைக் கொடுத்தார். பற்கள் படையணி போல நின்றன. ஈறு ரோஜா நிறம். அடுத்த வாரமே கழற்றலாம் என்றார். பஸ்யூனியின் கண் கலங்கியது. பிறகு சட்டைப் பையிலிருந்த அட்டை நினைவுக்கு வந்தது. அரசுச் சாமானை ஊழியர் தாமாகக் கழற்றி எறிய முடியாது. கழிவு நீக்கக் குழு பார்த்து, இனி உதவாது என்று கண்டம் பண்ணி, மூன்று கையெழுத்து வைக்க வேண்டும். அவர் எழுதினார். புது வருடப் பதிவேட்டில் எண் 206.

குழுவில் மூன்று பேர்: ஃபிக்ரி பே, ஷிஹாத்தா, மம்தூஹ். பஸ்யூனியை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார்கள்.

“பளபளன்னு இருக்கே,” என்றார் மம்தூஹ். “இவ்வளவு நல்ல நிலையில இருக்கற சாமான் இந்த மாகாணத்துலயே கிடையாது. இதைப் போயா கண்டம் பண்றது?”

“இதோட வேலை முடிஞ்சுபோச்சுங்க. பல்லு நேராயிடுச்சு.”

“வேலை முடிஞ்சதெல்லாம் காரணம் ஆகாது. அப்படிப் பார்த்தா இந்த ஆபீஸையே கண்டம் பண்ணணும். துரு பிடிச்சிருக்கணும், இல்ல அழுக்கேறிக் கெட்டிருக்கணும்.”

“இது துரு பிடிக்காத எஃகு.”

“அப்போ நல்ல சாமான்தான்,” என்று மம்தூஹ் எழுதினார். உலோகத்துக்கு ஆயுள் பதினைந்து வருடம்.

அன்று மாலை ஷிஹாத்தா பழைய நண்பனாக ஒரு வழி சொன்னார். துலக்காதே. ஒரு மாதம் எள்ளும் மொச்சையும் அப்பட்டும், மஞ்சள் பிடிக்கட்டும், மம்தூஹ் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஆனால் ஈறு வீங்கினால் டாக்டர் கழற்ற மாட்டார். சுத்தமாக இருந்தால்தான் மருத்துவர் எடுப்பார். அழுக்காக இருந்தால்தான் அரசு விடும். பஸ்யூனி இரண்டு இரவு தூங்காமல் யோசித்து, இரண்டு தரப்புக்கும் மனக்குறை இல்லாத நடுவழி ஒன்றைக் கண்டார். மேல் வரிசையை டாக்டருக்காகத் துலக்கினார். கீழ் வரிசையைக் குழுவுக்காக விட்டார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் நெவீன் கீழ் வரிசையைப் பார்த்துவிட்டுக் கழற்ற மறுத்தார். குழு மேல் வரிசையைப் பார்த்துவிட்டுக் கண்டம் பண்ண மறுத்தது. கூடுதலாக, ஒரே சாமானின் இரு பகுதிகளைப் பாரபட்சமாகப் பராமரித்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பஸ்யூனி பதிவறையில் குறிப்பாணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதாம் அஃப்கார் கோப்பு எடுக்க வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பதிவேட்டை வாங்கி அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். பிறகு தன் கம்பியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, அவர்முன் வைத்தாள்.

“இருபத்து நாலு சில்லு, ரெண்டு கம்பி. எண்ணிப் பாருங்க உஸ்தாஸ். இருப்பிடம் உங்க வாய்னுதான் எழுதியிருக்கு. ஒட்டியிருக்கணும்னு எழுதலையே.”

“ரோஜா மணி இருக்கே.”

“நிறத்துக்குக் கட்டமே கிடையாது, இந்தப் பதிவேட்டுல.”

வாழ்க்கையில் முதல் முறையாக பஸ்யூனி ஒன்றை எழுதாமல் செய்தார். அதேபோல ஒரு கம்பியைச் சந்தையில் வாங்கிக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் கீழ் வரிசையை உயிரைக் கொடுத்துத் துலக்கினார். கல்யாணத்துக்கு முந்தைய திங்கட்கிழமை டாக்டர் நெவீன் கம்பியைக் கழற்றினார். வீட்டுக்கு வந்து அவர் சிரித்தபோது ரபாப் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரசுச் சாமான் ஒரு உறைக்குள் போய், ஒட்டப்பட்டு, பீரோவில் அடைந்தது.

வியாழக்கிழமை இரவு மண்டபத்தில் மேளமும் ஊதுகுழலும் காதைப் பிளந்தன. ரபாப் மேடையில் வெள்ளை உடையில் இருந்தாள். அலுவலகம் முழுவதும் வந்திருந்தது. ஃபிக்ரி பே, கோப்பு மேலும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், மம்தூஹையும் அழைத்து வந்திருந்தார். மம்தூஹ் வாழ்த்துச் சொன்னார், இனிப்பு எடுத்துக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

“அரையாண்டு சரிபார்ப்பு இந்த மாசத்தோட முடியுது, உஸ்தாஸ் பஸ்யூனி. இங்கேயே பார்த்துட்டா எனக்கு ஒரு பயணம் மிச்சம். தப்பா நினைக்காதீங்க.”

பஸ்யூனி ஒரு கணம் வாயை மூடியபடியே தலையாட்டினார். இத்தனை வருடப் பழக்கம் அன்று கைகொடுத்தது. தும்முவது போலத் திரும்பி, கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடி, மறுபடி திரும்பி வாயைத் திறந்தார். மம்தூஹ் எண்ணினார். இருபத்து நான்கு, இரண்டு. நிலை நன்று. முன்பைவிட அழகாகவே இருக்கிறது என்றும் சொன்னார்.

அப்போதுதான் புகைப்படக்காரர் மேடையிலிருந்து கூப்பிட்டார். பெண்ணின் தகப்பனார் வர வேண்டும், அவருடைய நண்பர்களும் வரலாம். மம்தூஹ் அவர் தோளில் கைபோட்டு மேடைக்கு அழைத்துப் போனார். இந்தப் படத்தின் ஒரு பிரதி கிடைத்தால் சாமான் இருப்பதற்கு அத்தாட்சியாகக் கோப்பில் சேர்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். பஸ்யூனிக்கு அதைக் கழற்ற வழியே இல்லாமல் போயிற்று.

“எல்லாரும் சிரிங்க,” என்றார் புகைப்படக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிக்ரி பேயின் தங்கக் கம்பி, அஃப்காரின் ரோஜா மணி, ஷிஹாத்தாவின் பச்சை மணி. மாப்பிள்ளையின் நண்பர்களில் பாதிப் பேர். மம்தூஹும் சிரித்தார்; அவர் பல்லில் நீல மணிகள் வைத்த புத்தம் புதிய கம்பி, மாகாண அலுவலகத்திலும் பராமரிப்பு நேரம் வந்துவிட்டதாம். வெளிச்சம் பளிச்சென்று அடித்தபோது மேடை முழுவதும் இரும்புக் கடை போல மின்னியது. நடுவில் பஸ்யூனி, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு புகைப்படத்தில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரபாப் அவர் காதோரம் சாய்ந்தாள்.

“அப்பா, திங்கட்கிழமை நேராத்தானே இருந்தது?”

“பல்லு நேராயிடுச்சும்மா,” என்றார் பஸ்யூனி, சிரிப்பைக் கலைக்காமல். “கோப்புல இன்னும் ஆகலை.”